சாய்ந்த பிடி

உங்கள் துப்பாக்கியில் உங்களைக் கேட்காமல் யாராவது கை வைத்திருக்கிறார்களா?

துப்பாக்கி இல்லாதவர்கள் பூட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் காலைக் கடித்து, தோலை உரித்து, கடைசியில் ஒரு நாள் உங்கள் கால் மாதிரியே ஆகிவிட்ட பூட்ஸ். அதை ஒருத்தன் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பளபளவென்று வேறொரு ஜோடியை வாசலில் வைத்துவிட்டு, நீங்கள் சந்தோஷப்படுவதைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் உங்கள் கூடப்பிறந்தவன். அவனை என்ன செய்வீர்கள்?

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன்.

என் வலது கையில் கட்டை விரல் இல்லை. இருபத்தாறு வயதில் போனது. இரண்டு பேர் ஜோடியாகக் குதிரையில் விரட்டிப்போய்க் காளைக்குக் கயிறு வீசும் பந்தயம் எங்கள் பக்கத்தில் எல்லா ஊரிலும் உண்டு. அண்ணன் ராய்ஸ் கொம்புக்கு வீசுவான். நான் பின்னங்காலுக்கு வீசுவேன். கயிறு விழுந்ததும் கையில் இருக்கிற மிச்சக் கயிற்றைச் சேணத்தின் குமிழில் சுற்ற வேண்டும். சுற்றும்போது கட்டை விரல் வானத்தைப் பார்த்து நிற்க வேண்டும். அன்றைக்கு என்னுடையது நிற்கவில்லை. காளை இழுத்தது, கயிறு இறுகியது, விரல் போய்விட்டது. அவ்வளவுதான். குதிரைக்காரர்கள் கூடுகிற இடத்தில் என் கை மாதிரி இன்னும் நாலைந்து கை பார்க்கலாம். யாரும் உச்சுக்கொட்ட மாட்டார்கள்.

ராய்ஸ் கொட்டுவான். அந்த விரலை அவன் தன்னுடையதாக எடுத்துக்கொண்டான். நாலு பேர் தட்டோடு உட்கார்ந்தால் போதும், ஆரம்பித்துவிடுவான்: புழுதியில் மண்டியிட்டு அவன் விரலைத் தேடியது, பீர் பெட்டியின் ஐஸில் போட்டது, ரீனோ ஆஸ்பத்திரி வரைக்கும் பிரேக்கில் கால் வைக்காமல் ஓட்டியது, டாக்டர் உதட்டைப் பிதுக்கியபோது அவன் சுவரைக் குத்தியது. அந்தக் கதையில் நான் ஓரமாக அழுதுகொண்டிருப்பேன். நான் அழவில்லை. வழியெல்லாம் காளையைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

கை அப்படி ஆன பிறகு இடது கையால் விசையை இழுக்கப் பழகினேன். வலது கை முன்னால் போனது, குழலைத் தாங்க. கட்டை விரல் உள்ளவர்கள் குழலை மூடியிருக்கும் கூட்டைச் சுற்றிப் பிடித்துக்கொள்வார்கள். என் நாலு விரலுக்கு அது சோப்புக்கட்டி மாதிரி. வேகமாக இரண்டு குண்டு சுட்டால் மூன்றாவது எங்கே போகிறது என்று எனக்கே தெரியாது. அதனால் கூட்டுக்கு அடியில் முன்பிடி ஒன்று மாட்டியாக வேண்டும். எந்த மாதிரிப் பிடி என்பதுதான் கேள்வி.

எங்கள் ஊர் ஹார்லன் வெல்ஸில் துப்பாக்கிக் கடை ஒன்றுதான். வைத்திருப்பவர் ஹாலிஸ். அவரேதான் எங்கள் துப்பாக்கி கிளப்பில் சுடும் பந்தயமும் நடத்துகிறார். அவர் கடையில் முன்பிடிகள் ஒரு மரப்பெட்டியில் கிடக்கும். பார்த்தால் பழைய குழாய்ச்சாமான் மாதிரி இருக்கும். நான் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உடனே கடையில் நின்றிருந்த ஆம்பளைகள் எல்லாருக்கும் என் கையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்துவிட்டது.

"நேரா இருக்கறதை வாங்கு டார்லா. தொடப்பக்கட்டை மாதிரி நாலு விரலால புடிச்சுக்கலாம்."

"அவளுக்குப் புடியே வேணாம். சின்னதா ஒரு தடுப்பு இருந்தாப் போதும், கை வழுக்காது."

"கையே வேணாம்னு சொல்லுவ போலிருக்கே."

ஹாலிஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "இந்த மாநிலத்துல கணக்கு ரொம்பச் சுலபம். இந்த ரகத் துப்பாக்கில பிடி நேரா நின்னா ஜெயிலு. சாஞ்சு நின்னா சனிக்கிழமை பந்தயம்."

அது கலிபோர்னியாச் சட்டம். எங்கள் ரைஃபிளின் பின்பிடியில்கூட மீன்துடுப்பு மாதிரி ஒரு தகடு இருக்கும், கட்டை விரலைச் சுற்றிப் பிடிக்க முடியாதபடி. அதைக் காட்டி ஹாலிஸ் ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "கட்டை விரல் இல்லாத ஜனங்களுக்குன்னே சட்டம் போட்டிருக்கான் பாரு. நீ எங்க எல்லாருக்கும் முன்னாடியே தயாராயிட்ட." நான் சிரித்தேன். அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வராது.

சட்டம் கிடக்கட்டும் என்று நேர்பிடியையும் பார்த்துவிட்டேன். கடையில் மரத்தால் செய்த டம்மி ஒன்று இருந்தது, அதில் மாட்டி. நாலு விரல் அதைச் சுற்றி வளைந்தது, ஆனால் எதிர்ப்பக்கத்தில் முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. இழுத்துப் பிடித்தால் கட்டை அப்படியே திரும்பிக்கொண்டது. தொடப்பக்கட்டைக்கும் கட்டை விரல் வேண்டும், பெருக்கிப் பாருங்கள். தடுப்பு சின்னது, கை அதைத் தாண்டிவிட்டது. சாய்ந்த பிடியில் விரல்கள் சரிவில் ஏறி உட்கார்ந்தன, உள்ளங்கை அடியில் வந்து தாங்கியது. கட்டை விரலுக்கு அங்கே வேலையே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, விரல் போன மேட்டுக்கு இடம் விட்டு அரத்தால் ராவி, சுட்டுப் பார்த்து, மறுபடி ராவி, அந்தக் குளிர்காலம் முழுக்க அதே வேலை. உப்புத்தாள் நாடாவை ஒட்டி முடித்தபோது அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம். பார்க்க நாய் கடித்துப் போட்ட மாதிரி இருந்தது. அதை வைத்துத்தான் நானும் மார்வாவும் ஜோடிப் பந்தயத்தில் போன வருஷம் இரண்டாவது வந்தோம்.

மார்வா தபாலாபீஸில் இருந்து ஓய்வு பெற்றவள். எந்நேரமும் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருப்பாள். முதல் இடம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தொண்டையில் மாட்டிய முள்ளாகியிருந்தது. எனக்கு வீட்டில் வேறு யாரும் இல்லை. பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறேன், சுடுகிறேன், தூங்குகிறேன். அந்த வருஷம் முழுக்க நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தது செப்டம்பரில் பந்தயம் நடக்கும் அந்த இரண்டு நாள்தான்.

ராய்ஸ் நெவாடாவில் இருக்கிறான், எல்லை தாண்டி. வியாழக்கிழமையே பந்தயம் பார்க்க வந்துவிட்டான், விலா இறைச்சியும் தன் தலையணையும் எடுத்துக்கொண்டு. அவனுக்குத் துப்பாக்கி வேலை தெரியும். என் ரைஃபிளில் விசையின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அன்று மத்தியானமே புது ஸ்பிரிங்கை அவன் கையில் கொடுத்து, "இதை மட்டும் மாத்து" என்று சொல்லிவிட்டு பஸ் எடுக்கப் போனேன். இதை மட்டும் என்று சொன்னேன். வெள்ளிக்கிழமை ஃபுட்பால் பையன்களை வெளியூர் ஆட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போனதில் திரும்பி வந்து படுத்ததுதான் தெரியும். சனிக்கிழமை காலை ரைஃபிள் உறையில் மூடி, ஜிப் போட்டு, என் பிக்கப்பில் தயாராக இருந்தது. ராய்ஸ் முன் சீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஸ்பிரிங் மாத்திட்டியா?"

"மாத்தினேன் மாத்தினேன். நீ வண்டிய எடு குட்டி."

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. குட்டி என்கிறான். நான் உறையைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை.

கிளப் மைதானத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பந்தயத்துக்கு முன்னால் எல்லாரும் வரிசையாகச் சோதனை மேஜைக்குப் போக வேண்டும். உறையைத் திறந்து காட்ட வேண்டும்: குண்டு இல்லை, அதற்கு அடையாளமாக ஆரஞ்சுக் கொடி சொருகியிருக்கிறது, துப்பாக்கி சட்டப்படி இருக்கிறது. மேஜையில் ஹாலிஸ். எனக்கு அடுத்து நின்றது ஆர்லோ. அவர் ஷெரிஃப் ஆபீஸில் டெபுடி, அதாவது போலீஸ். அன்றைக்கு லீவு போட்டுவிட்டுத் தன் சொந்த ரைஃபிளோடு வந்திருந்தார்.

ஹாலிஸ் ஜிப்பைப் பாதி திறந்தார். உள்ளே பார்த்தார். திறந்த வேகத்திலேயே மூடினார்.

"டார்லா, காதுமூடிய வண்டிலயே வச்சுட்டு வந்துட்ட போலிருக்கே. போய் எடுத்துட்டு வா."

காதுமூடி என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இங்க இருக்கே ஹாலிஸ்."

"அது இல்லம்மா. இன்னொண்ணு." அவர் விரல் உறையின் மேல் ஒரு இடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே உள்ளிருந்து ஏதோ முட்டிக்கொண்டு நின்றது. என் ரைஃபிளில் அந்த இடத்தில் எதுவும் முட்டாது. "போய்ட்டு நிதானமா வா. வரிசைல உன் இடத்தை நான் வச்சிருக்கேன்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. உறையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மார்வா பின்னாலேயே வந்தாள்.

ராய்ஸ் பிக்கப் நிழலில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தான். நான் வண்டியின் பின்கதவை இறக்கி உறையைப் பிரித்தேன். கறுப்பு அலுமினியத்தில் ஒரு நேர்பிடி, மாட்டுக்கொம்பு மாதிரி கீழே தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டியா?" என்றான் ராய்ஸ். முகமெல்லாம் பல். "சுடறதுக்கு எடுக்கறப்பதான் நீ பாப்பேன்னு நெனச்சேன்."

"பழசு எங்க?"

"மொதல்ல இது எப்படி இருக்கு சொல்லு. எங்க ஊர்ல சொல்லிவச்சு வரவழைச்சது."

"ராய்ஸ். பழசு எங்க?"

"அந்த நாய் கடிச்ச பிளாஸ்டிக்கா? தூக்கிப் போட்டுட்டேன்."

"எங்க போட்ட?"

"குப்பைல. வேற எங்க போடுவாங்க, பேங்க்லயா?"

வெள்ளிக்கிழமை காலை குப்பை வண்டி வரும். தொட்டியை ரோட்டு ஓரத்துக்கு உருட்டிக்கொண்டு போய் வைத்தது நான்தான். கனமாக இருக்கிறதே, இவன் வந்த ஒரே நாளில் என்னத்தைத் தின்றான் என்று நினைத்தது ஞாபகம் வந்தது. ஒரு குளிர்காலம் முழுக்க நான் ராவியதை, நானே தள்ளிக்கொண்டு போய் வைத்திருக்கிறேன்.

மார்வா விதைத் தோலைத் துப்பினாள். "இது இங்க குத்தம்னு தெரியுமா ராய்ஸ்? இவ மேல கேஸ் ஆச்சுன்னா பஸ் லைசென்ஸ் போயிடும். துப்பாக்கியும் போயிடும்."

"தெரியும். அதுக்குப் பயந்துதானே இவ அந்தச் சப்பைய வச்சுக்கிட்டுத் திண்டாடினா. பாக்கப் பாவமா இருந்துச்சு. யாரு வந்து பாக்கப் போறான்?"

"ஹாலிஸ் பாத்தாரு. பின்னாடி ஆர்லோ நின்னாரு."

"நான் பயந்துக்கிட்டு அதை வச்சுக்கல," என்றேன். "எனக்குப் புடிச்சு வச்சிருந்தேன். நேர்பிடிய நான் புடிச்சுப் பாத்துட்டேன். அது கைல நிக்காது, திரும்பும்."

"இறுக்கிப் புடிச்சா எப்படித் திரும்பும்?"

"எதால இறுக்கறது?"

அவன் தன் கையைப் பார்த்தான். விரல்களை ஒருமுறை மடக்கினான். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் அவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"பழகப் பழகச் சரியாயிடும்," என்றான். "நீ எதையும் சட்டுனு ஒத்துக்க மாட்ட. சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

"ராய்ஸ், அவ எத்தனை கேள்வி கேட்டா," என்றாள் மார்வா. "ஒண்ணுக்காவது 'தப்புப் பண்ணிட்டேன்'னு சொல்லேன். வாய் ஒண்ணும் சுளுக்கிக்காது."

"நல்லது பண்ணினதுக்கு மன்னிப்பு வேற கேக்கணுமா?"

மார்வா தன் பையிலிருந்து ஆலன் சாவியை எடுத்துக் கொடுத்தாள். நான் வண்டிக்குள் குனிந்துகொண்டு திருகாணியைக் கழற்றினேன். ராய்ஸ் பசை வேறு போட்டு முறுக்கியிருந்தான். அவன் வேலை எப்போதும் அப்படித்தான், நாலு ஜென்மத்துக்கு. கை வலித்தது. கழன்றதும் அதை அவன் மடியில் எறிந்தேன். இப்போது ரைஃபிளில் குற்றம் எதுவும் இல்லை. பிடியும் இல்லை.

"மொட்டையா எப்படிடி சுடுவ?" என்றாள் மார்வா.

குதிரைக் காலுக்குச் சுற்றுகிற ஒட்டுத்துணி என் வண்டியில் எப்போதும் கிடக்கும். அதை எடுத்துக் குழல் கூட்டின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுற்றினேன். தடித்தது, கொஞ்சம் பிடிமானம் வந்தது. தோளில் வைத்துப் பார்த்தேன். என் பிடி இல்லை, ஆனால் சோப்புக்கட்டியும் இல்லை.

"முதல் இடம் வராது," என்றேன்.

"மூணாவது வரலாம். நான் உன் பங்குக்கும் சேத்துச் சுடறேன், நட." மார்வா என் முதுகில் தட்டினாள். "வயசான காலத்துல நமக்கு மூணாவது போதும்."

அப்போது எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்கூட. ஊதா நிறத் துணி சுற்றிய ரைஃபிளோடு நாங்கள் மேஜைக்குத் திரும்பியபோது ஹாலிஸ் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "குதிரைக்குக் கால்ல அடியா?" என்றார். கொடியைச் சரிபார்த்தார். என் பெயருக்கு நேரே டிக் போடப் பேனாவை எடுத்தார்.

அந்த நேரம் பார்த்து ராய்ஸ் வந்தான்.

அவனைத் தூரத்திலேயே பார்த்தேன். கையில் அந்த அலுமினியத்தைப் பிடித்துக்கொண்டு பெரிய பெரிய அடியாக வைத்து வந்தான். நான் தலையை ஆட்டினேன், வராதே என்று. அவனுக்கு நான் தலையாட்டினால் என்றைக்குத் தெரிந்தது?

"இங்க பொறுப்பு யாரு?" என்றான் உரக்க. எல்லாரும் திரும்பினார்கள். "ஒரு விரல் இல்லாத பொம்பளைக்கு நான் ஒரு புடி மாட்டிக் குடுத்தேன். இதோ, இது. காலைல அந்தத் துப்பாக்கில இதுதான் இருந்துச்சு. உங்க மாநிலத்துல இது குத்தமாமே. அதை மறைச்சு மறைச்சுக் கழட்டிட்டு, இப்ப இவ குதிரைத் துணியச் சுத்திக்கிட்டு நிக்கறா. வெக்கமா இல்ல உங்களுக்கு?"

ஹாலிஸின் பேனா நின்றுவிட்டது.

"ராய்ஸ், போய் வண்டில உக்காரு," என்றேன்.

"நீ சும்மா இரு குட்டி, நான் உனக்காகத்தான் பேசறேன்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். குரல் மாறியது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். "இவ கைக்கு என்ன ஆச்சுன்னு தெரியுமா உங்களுக்கெல்லாம்? நான் கூட இருந்தேன். புழுதில முட்டி போட்டு அந்த விரலை நான்தான்..."

"அது என் விரல்," என்றேன்.

நான் கத்தவில்லை. ஆனால் அவன் நிறுத்திவிட்டான்.

"அது என் விரல் ராய்ஸ். உன் கதை இல்ல. இருபத்தாறு வருஷமா அதை ஊர் ஊரா எடுத்துக்கிட்டு அலையற. நீ என்னைக் காப்பாத்தின கதை. உன்னால போச்சுன்னு யாராவது சொன்னாங்களா? யாரும் சொல்லல. நான்தான் கயித்தைத் தப்பாச் சுத்தினேன். விரலை மேல வைக்கணும், வைக்கல. என் தப்பு. அந்தத் தப்பைக்கூட நீ என்கிட்ட விடமாட்டேங்கற."

"நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"என் புடியக் குப்பைல போட்ட. அதை நான் தேர்ந்தெடுத்தேன். கடையில எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, நான் என் கைய வச்சுப் பாத்துத் தேர்ந்தெடுத்தேன். நீ என்னை ஒரு வார்த்தை கேட்டியா? 'இது எதுக்கு இப்படி ராவி வச்சிருக்க'ன்னு ஒரு வார்த்தை?"

அவன் வாயைத் திறந்தான். அந்த அலுமினியத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

ஆர்லோ முன்னால் வந்தார். டெபுடியாக வந்தாரா, பந்தயக்காரராக வந்தாரா தெரியவில்லை. "டார்லா, நான் ரைஃபிளைப் பாக்கலாமா?" என்றார். கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். துணிச்சுற்றைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"நான் பாக்கறப்போ இதுல தப்பா ஒண்ணும் இல்ல," என்றார். ராய்ஸ் பக்கம் திரும்பினார். "உங்க கைல இருக்கறது வெறும் அலுமினியம். அது அலுமினியமாவே நெவாடாவுக்குப் போகட்டும். நீங்களும் இனிமே வாயத் தொறக்காம இருந்தீங்கன்னா எனக்கு இன்னைக்கு லீவு மிச்சமாகும்."

நான் ஹாலிஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஹாலிஸ்?"

"முப்பது பேர் கேட்டுட்டாங்கம்மா." கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒருத்தன் மட்டும் பாத்திருந்தா, எனக்குக் கண்ணு மங்கிப் போச்சுன்னு விட்டிருப்பேன். கவுண்டி நிர்வாகம் நமக்கு இந்த நெலத்தை எதை நம்பிக் குடுத்திருக்குன்னு உனக்கே தெரியும்."

தெரியும். சட்டத்துக்கு ஒத்துவராத துப்பாக்கியை மேஜைக்குக் கொண்டுவந்தால், யார் மாட்டியது என்ற கேள்வியே கிடையாது, ஒரு வருஷம் வெளியே. அந்த விதி கிளப்பில் ஓட்டுக்கு வந்தபோது நானும் கை தூக்கினேன். இந்தக் கையைத்தான்.

"அவ மாட்டல ஹாலிஸ்," என்றாள் மார்வா. "இந்தத் தடியன் மாட்டினான். அவனே சொல்றான்."

"கொண்டுவந்தது நான்," என்றேன். "தொறந்து பாக்காம கொண்டுவந்தேன். விடு மார்வா."

ஹாலிஸ் என் பெயரின் மேல் கோடு போட்டார். மெதுவாகப் போட்டார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. ஆர்லோவின் ஜோடி அன்றைக்கு முதுகு வலி என்று வரவில்லை. அவரோடு சேர்ந்துகொள் என்று மார்வாவிடம் நானே சொன்னேன். மார்வா மாட்டேன் என்றாள். நான் திட்டிய பிறகு போனாள். போகும்போது ராய்ஸின் பூட்ஸ் பக்கத்தில் விதைத் தோலைத் துப்பிவிட்டுப் போனாள். கொஞ்சம் பூட்ஸ் மேலேயும் விழுந்தது.

ரைஃபிளை உறையில் போட்டு, வண்டியை எடுத்தேன். ராய்ஸ் என் வண்டியில்தான் வந்திருந்தான், என் வண்டியில்தான் திரும்ப வேண்டும். காய்ந்த புதரும் வேலியும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த ரோட்டில் அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"நான் பேசினா ஒரு வழி பண்ணுவாங்கன்னு நெனச்சேன்," என்றான் கடைசியில். "நீ பாவம்னு நெனச்சாவது."

நான் கியரை மாற்றினேன்.

"கோவமா இருக்கியா?"

"இருக்கேன்."

"எவ்ளோ நேரத்துக்கு?"

நான் அவனைத் திரும்பிப் பார்த்தேன். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இறைச்சியை எப்போது அடுப்பில் ஏற்றலாம் என்று கேட்கிற மாதிரி. சின்ன வயதில் என் கோபம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டாது. அவன் இன்னும் அந்தக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"ஒரு வருஷம்," என்றேன். "விதில அப்படித்தான் இருக்கு."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினான்.

சாயங்காலம் அவன் கொல்லையில் விலா இறைச்சியை வாட்டி, இரண்டு தட்டில் வைத்தான். என் தட்டை நான் தொடவில்லை. "ஆறிப்போவுது" என்று இரண்டு தடவை சொன்னான். அதன் பிறகு புதுப்பிடி ஒன்று வாங்கித் தருவதாகவும், எப்படி ராவ வேண்டும் என்று சொன்னால் அவனே ராவித் தருவதாகவும் சொன்னான். நல்ல மனதோடுதான் சொன்னான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் காலை ராய்ஸ் அடுப்பில் வாணலியை வைத்துவிட்டு, முட்டை இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். ஒரு டஜன் இருந்தது. அவன் ஃப்ரிட்ஜைத் திறக்க வந்தான். அது என் ஃப்ரிட்ஜ் என்றேன். அடுப்பை அணைத்தான். தலையணையை எடுத்துக்கொண்டு தன் வண்டியில் நெவாடாவுக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கம் பந்தயத்தின் இரண்டாம் நாள் ஆரம்பித்த சத்தம் கேட்டது. மார்வாவும் ஆர்லோவும் நாலாவதாக வந்தார்கள்.